ஒரே நடையில் தெருவும் குளமும்: புறநகர் ஒளிப்படங்களுக்கு எந்தக் கேமரா?

வீட்டு வாசலிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் எட்டக்கூடிய இடங்களை மட்டுமே படமெடுப்பது என்று ஒருவர் தீர்மானித்துக்கொண்டால், இரண்டு வகையான காட்சிகள் அவருக்குக் கிடைக்கும். ஒன்று தெரு: மதில்கள், மின்கம்பங்கள், பாதியில் நிற்கும் வீடு, கொடியில் காயும் துணி, ஆளில்லாத பேருந்து நிறுத்தம். மற்றொன்று தெரு முடியும் இடத்தில் தொடங்குவது: குளம், புதர்க்காடு, ஓடை, தொலைவில் ஒரு குன்று. இரண்டுக்கும் தனித்தனியாகக் கருவிகளைப் பரிந்துரைப்பதுதான் வழக்கம். தெருவுக்குக் கையடக்கமான கேமரா என்பார்கள். இயற்கைக் காட்சிக்கு முக்காலியும் அகலக் கோண லென்ஸும் என்பார்கள். ஒரே நடையில் இரண்டையும் எடுப்பவருக்கு அந்த அறிவுரை பயன்படாது. ஏனென்றால், அன்று அவர் தோளில் தொங்கப்போவது ஒரே ஒரு கருவிதான். அந்த ஒன்று எதுவாக இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

தேர்வுகள் நான்கு. சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசி, லென்ஸைக் கழற்ற முடியாத, ஜூம் இல்லாமல் ஒரே கோணம் மட்டும் காட்டும் ஒற்றைக் குவியத் தூரச் சிறு கேமரா, ஜூம் லென்ஸ் பொருத்திய மிரர்லெஸ் கேமரா (லென்ஸை மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா), ஃபிலிம் கேமரா. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு 35 அல்லது 40 மி.மீ. கோணம் தரும் சிறு கேமராவே பொருத்தமானது என்று நினைக்கிறேன். ஒரேயொரு சூழலில் மட்டும் ஜூமுக்கு வாக்களிப்பேன். அது எது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். (மி.மீ. எண் லென்ஸின் குவியத் தூரம்: எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவு நெருங்கும். இக்கட்டுரையில் வரும் குவியத் தூரங்கள் எல்லாம், வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, 36×24 மி.மீ. முழுச்சட்டகச் சென்சாருக்கு, அதாவது அந்த அளவுள்ள ஒளிபதியும் சில்லுக்கு, ஈடான கணக்கிலேயே தரப்பட்டுள்ளன.)

கருவிகளுக்குள் போகும் முன், எதை எடுக்கப்போகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். புறநகரையும் அதையடுத்த இயற்கையையும் இரண்டு தனிப் பொருள்களாக நான் பார்ப்பதில்லை. இங்கே மிக நல்ல படங்கள் கிடைப்பது அவை இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான்: கடைசி வீட்டின் மதிலைத் தாண்டி எட்டிப்பார்க்கும் நாணல், விளையாட்டுத் திடலின் கம்பிவேலியில் ஏறிய கொடி, குளத்து நீரில் தலைகீழாக விழும் தெருவிளக்கு. 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் அருங்காட்சியகத்தில் வில்லியம் ஜென்கின்ஸ் தொகுத்த ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ கண்காட்சி இந்த விளிம்பைத்தான் பொருளாக எடுத்துக்கொண்டது. மனிதன் மாற்றியமைத்த நிலத்தின் படங்கள் என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள். அதில் பங்கேற்ற பத்துப் பேரில் ஸ்டீஃபன் ஷோர், 8×10 அங்குல ஃபிலிம் தாள் போடும் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தி வண்ணப் படங்கள் எடுத்தவர். ஹென்றி வெஸல், கையில் பிடிக்கும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல ஆண்டுகள் அந்த ஒரே லென்ஸோடு இருந்தவர். இரண்டு முனைகளிலும் நிற்கும் கருவிகள் ஒரே சுவரில் இடம்பெற்றன என்பதால், இந்த வகைப் படத்துக்கு இதுதான் சரியான கருவி என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் நடைக்கும், உங்கள் நிலத்துக்கும் எது பொருந்தும் என்று மட்டுமே சொல்ல முடியும்.

குன்றும் வீடும்

முதலில் அந்த விதிவிலக்கு. தொலைவில் குன்று இருக்கும் ஊர்களில் எல்லாரும் ஒரு ஏமாற்றத்தைச் சந்தித்திருப்பார்கள். கண்ணுக்குக் கூரைகளுக்கு மேல் பெரிதாக எழுந்து நின்ற குன்று, படத்தில் வந்து பார்த்தால் ஒரு சிறு மேடாகச் சுருங்கிப்போயிருக்கும். இதற்கு லென்ஸைக் குறை சொல்வது பழக்கமாகிவிட்டது. உண்மையில் பெரும்பங்கு நாம் நிற்கும் இடத்தைச் சார்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் உயரம் 8 மீட்டர், நாம் அதிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறோம். குன்றின் உயரம் 200 மீட்டர், அது 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து எடுக்கும் படத்தில் வீடு குன்றைப்போல எட்டு மடங்கு உயரமாகத் தெரியும். 28 மி.மீ. லென்ஸில், படுக்கை வாட்டமாக எடுத்த சட்டகத்தின் உயரத்தில் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்குதான் குன்றுக்குக் கிடைக்கும். நின்ற இடத்திலேயே ஜூமைத் திருப்பினால் குன்றும் வீடும் சேர்ந்தே பெரிதாகும்; எட்டு மடங்கு என்ற விகிதம் அப்படியே இருக்கும். அந்த விகிதத்தை மாற்றக் கால்தான் வேண்டும். வீட்டிலிருந்து 160 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கினால், வீடு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குன்றுக்கு அந்தப் பின்வாங்கலால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இப்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். ஆனால் 28 மி.மீ. லென்ஸில் இரண்டுமே சட்டகத்தின் நடுவில் சிறு கோடுகளாகத்தான் இருக்கும். இங்கேதான் நீண்ட லென்ஸ் தேவைப்படுகிறது: 100 மி.மீ.-ல் இரண்டும் சட்டக உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், 200 மி.மீ.-ல் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். கூரையின் தோள்மேல் குன்று வந்து அமர்ந்ததுபோன்ற அந்தப் படம் அப்போதுதான் கிடைக்கும்.

வெட்டியெடுத்துச் சமாளிக்கலாமே என்று கேட்கலாம். 28 மி.மீ. கோணமுள்ள 24 மெகாபிக்சல் படத்தை 100 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் 2 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே மிஞ்சும். 35 மி.மீ. கோணமுள்ள 40 மெகாபிக்சல் படமாக இருந்தால் சுமார் 5 மெகாபிக்சல் மிஞ்சும். திரையில் பார்க்க அது போதும், அச்சிட்டால் 9 அங்குல அகலத்துக்கு மேல் நயம் குறையத் தொடங்கும்.

ஆகவே உங்கள் நடையில் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேறினால் ஜூமை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில், அந்த நிலத்துக்கு முகம் தருகிற ஏதோ ஒன்று இருக்கவேண்டும்: குன்று, நீர்த்தொட்டிக் கோபுரம், உயர்ந்த மரவரிசை. அதோடு நூறு, நூற்றைம்பது மீட்டர் பின்வாங்கி நின்று வீடுகளைத் தடையில்லாமல் பார்க்க ஒரு வெளி இருக்கவேண்டும். குளம் இருந்தால் அதன் மறுகரைதான் அந்த வெளி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நீண்ட லென்ஸுக்குத் தெருவில் செய்ய வேலை குறைவு. வளைந்து செல்லும் குறுகிய தெருக்களில் பின்வாங்க முயன்றால் முதுகு அடுத்த வீட்டு மதிலில் இடிக்கும்.

விளக்கெரியும் நேரம்

இன்னொரு சோதனை, எனக்கு மிகவும் முக்கியமான சோதனை, அந்தி. சூரியன் மறைந்த பிறகு, அது அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையில் வானத்தில் நீலம் தங்கியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இந்த நேரம் இருபது நிமிடங்களுக்குச் சற்றே அதிகம்தான். வடக்கிலும் தெற்கிலும் தள்ளிப் போகப்போக நீளும். அதன் பிற்பகுதியில் தெருவிளக்குகளும் சன்னல் விளக்குகளும் எரியத் தொடங்கும்போது, வெளியே உள்ள ஒளியும் உள்ளே உள்ள ஒளியும் சில நிமிடங்களுக்குச் சமமாக நிற்கும். பகலில் வெறும் சுவராக இருந்த வீட்டுக்குள் ஒரு வாழ்க்கை நடப்பது அப்போது தெரியும். குளத்தில் வானம் இன்னும் வெளிச்சமாகவும், கரை கருமையாகவும் இருக்கும். புறநகருக்கும் இயற்கைக்கும் ஒரே ஒளியை அளிக்கிற நேரம் இது. ஒரு கருவி இந்த நேரத்தில் கைகொடுக்காவிட்டால், மற்ற நேரங்களில் அது எவ்வளவு திறமையானது என்பது எனக்குப் பெரிதாகப் படுவதில்லை.

அந்த நேரத்து ஒளி, ஐஎஸ்ஓ 100, எஃப்/8 துளையில் ஏறத்தாழ 2 வினாடி கேட்கும். (ஐஎஸ்ஓ என்பது ஒளியுணர்வின் அளவு; எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது.) முக்காலி இருந்தால் சிக்கல் இல்லை. கையில் பிடித்து எடுப்பதென்றால் ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றிக்கொள்வோம். எஃப்/2 லென்ஸ் உள்ளவருக்கு 1/125 வினாடி கிடைக்கும்; எஃப்/2.8 உள்ளவருக்கு 1/60. எஃப்/4 ஜூமுக்கு 1/30. கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண ஜூமை நீட்டினால் துளை எஃப்/5.6-க்குச் சுருங்கி, 1/15 வினாடிதான் மிஞ்சும். இன்றைய கேமராக்களில் உள்ள நடுக்கத் தடுப்பு 1/15-லும் சுவரைத் தெளிவாகப் பிடித்துத் தரும். ஆனால் நடந்து வருபவரை அது நிறுத்தி வைக்காது. நடக்கிறவரின் கால்கள் 1/60-லேயே சற்றுக் கலையும், 1/15-ல் ஆளே புகையாகிவிடுவார். முழுச்சட்டகச் சென்சார் உள்ள கேமராவில் ஐஎஸ்ஓ 3200 வைத்தாலும், சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 1600 வைத்ததற்கு நிகரான அளவிலேயே மணல்போன்ற இரைச்சல் படத்தில் தெரியும் என்பதால், அங்கே எஃப்/4 ஜூம் தன் பின்னடைவை ஈடுகட்டிவிடும். ஏபிஎஸ்-சி கேமராவில் பொருத்திய சாதாரண ஜூமுக்கு அந்த ஈடும் இல்லை. இந்தச் சேர்க்கையைத்தான் பலர் முதல் கேமராவாக வாங்குகிறார்கள். அந்தி நடைக்கு வரும்போது இதுவே நான்கிலும் பலவீனமானது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே யாராவது சொல்லவேண்டும்.

கைப்பேசி

கைப்பேசியை இளக்காரமாகப் பேசுவோர் கூட்டத்தில் நான் இல்லை. அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. கோணம் தருவது, தெருவையும் வானத்தையும் சேர்த்துப் பிடிக்க அது போதும். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்கும் முறையால், வெளுத்த வானத்தையும் நிழலில் இருக்கும் வாசலையும் ஒரே படத்தில் காப்பாற்றிவிடுகிறது. அதைக் கையில் எடுப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதும் ஒரு பெரிய வசதி. மறக்காமல் கூடவே வரும் கருவி அது ஒன்றுதான்.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மழை நாளின் மாலை, தெருவின் கடைசி வீட்டருகே நின்றிருந்தேன். மதிலடியில் தேங்கிய நீரில் விளக்கின் மஞ்சள் விழுந்திருந்தது. ஒரு சின்னச் சைக்கிள், அதன் கைப்பிடி நீரைத் தொட்டபடி சாய்ந்து கிடந்தது. மேலே மின்கம்பியில் வரிசையாகத் துளிகள், எதுவும் விழாமல். அந்த மஞ்சள் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இருட்டு. படத்தைத் திறந்து பார்த்தால், கைப்பேசி அந்த இருட்டை எல்லாம் தூக்கி வெளிச்சமாக்கியிருந்தது. மதிலின் செங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது, சைக்கிளின் நிறம் தெரிந்தது, மாலை மட்டும் போய்விட்டிருந்தது. நிழலைச் சரிசெய்யவேண்டிய பிழையாகக் கருதி எழுதப்பட்ட மென்பொருள் செய்யும் வேலை அது. படமெடுக்கும் முன் திரையைத் தொட்டு ஒளியளவை ஒரு படி, ஒன்றரைப் படி (ஒரு படி இறக்கினால் ஒளி பாதியாகும்) இறக்கிக்கொள்வதும், ரா கோப்பாக, அதாவது மென்பொருள் மெருகேற்றாத மூலப் பதிவாக எடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவதும் பெருமளவு உதவும். அப்படிச் செய்த பிறகும் ஒரு சிக்கல் தீராது: இலைகள். தொலைவில் உள்ள மரக்கூட்டத்தின் நுண்ணிய இலைகளைச் சிறு சென்சார் முழுதாகப் பதிவுசெய்வதில்லை. இரைச்சலை நீக்கி, விளிம்புகளைக் கூராக்கும்போது அவை நீர்வண்ணத் தீற்றல்போல ஆகிவிடுகின்றன. சுவர், சாலை, கம்பம் ஆகியவற்றில் இது தெரிவதில்லை. அதனால் கைப்பேசி நம் நடையின் முதல் பாதிக்கு ஏற்றதாகவும், தெரு முடியும் இடத்தில் தடுமாறுவதாகவும் இருக்கிறது. திரையில் மட்டுமே பார்க்கப்போகும் படங்களுக்கு இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட நினைப்பவர் பொருட்படுத்தவேண்டும்.

ஒற்றை லென்ஸ்

இந்த வகையில் இரண்டு குடும்பங்களே பெரிதும் பேசப்படுகின்றன. ரிக்கோ ஜிஆர் 3, 2019-ல் வந்தது, 28 மி.மீ. கோணம், எஃப்/2.8, ஏபிஎஸ்-சி சென்சாரில் 24 மெகாபிக்சல், பேட்டரியும் அட்டையும் சேர்த்து 257 கிராம். 2021-ல் வந்த ஜிஆர் 3எக்ஸ் அதே உடலில் 40 மி.மீ. கோணம் தருவது. ஃப்யூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் 2024-ல் வந்த எக்ஸ்100-6, 35 மி.மீ. கோணமும் எஃப்/2 துளையும் 40 மெகாபிக்சலும் கொண்டது. எடை 521 கிராம். மூன்றுக்கும் நடுக்கத் தடுப்பு உண்டு. ஜிஆர் கால்சட்டைப் பையில் நுழையும். எக்ஸ்100 நுழையாது, தோளில்தான் தொங்கவேண்டும். ஜிஆரில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. உச்சி வெயிலில் பின்திரையைப் பார்த்துச் சட்டகம் அமைப்பது சிரமம், அதோடு ஒரு பேட்டரியில் 200 படங்கள் அளவே கிடைக்கும். எக்ஸ்100-ல் ஒளியியல் வியூஃபைண்டரும் மின்னணு வியூஃபைண்டரும் ஒன்றிலேயே இருக்கின்றன.

எந்தக் கேமரா என்பதைவிட எந்தக் கோணம் என்பதே இங்கே நிதானமாக யோசிக்கவேண்டிய விஷயம். 28 மி.மீ. மூலைக்கு மூலை 75 பாகை பார்க்கும், 35 மி.மீ. 63 பாகை, 40 மி.மீ. 57 பாகை. எண்களில் சிறிய வேறுபாடாகத் தெரிவது தெருவில் பெரிதாகிவிடும். 28-ல் முன்தரை அதிகம் வரும். புறநகர்ச் சாலையின் முன்தரை பெரும்பாலும் வெறும் தார், எனவே படத்தின் கீழ்ப்பாதி காலியாகக் கிடக்கும். அதைத் தவிர்க்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் வீட்டுச் சுவர்களும் கம்பங்களும் மேலே போகப்போக உள்நோக்கிச் சாயும். கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்து, கீழ்ப்பகுதியைப் பிறகு வெட்டிவிடுவது ஒரு வழி. மென்பொருளில் நிமிர்த்துவது இன்னொரு வழி, அதிலும் ஓரங்களை இழப்போம். 28-ஐ விரும்புவோர் மிக நெருங்கிச் சென்று, முன்தரையில் ஏதாவது ஒன்றை வைத்து எடுக்கத் தெரிந்தவர்கள். ஓடைக்கரையிலும் காட்டுப்பாதையிலும் அது அருமையாக வேலை செய்யும், ஒரு கல், ஒரு வேர், ஈரமான புல் என்று முன்னால் வைக்க ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். தெருவில் அது எப்போதும் கிடைப்பதில்லை. 40-ல் சாலையின் எதிர்ப்புறம் நின்று ஒரு வீட்டு முகப்பை நேராக, சாய்க்காமல், வெட்டாமல் எடுக்கலாம். குளக்கரையில் அதே கோணம் சற்று இறுக்கமாகத் தோன்றினாலும், அந்த இறுக்கம் எதை விடுவது என்று முடிவெடுக்கச் செய்கிறது. 35 இரண்டுக்கும் நடுவே நிற்பது. முடிவெடுக்க முடியாதவருக்கு அதையே சொல்வேன்.

ஃபோகஸ் விஷயத்தில் சிறு கேமராக்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஜிஆர் 3-ல் துளையை எஃப்/8-ல் வைத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1 மீட்டர் தொடங்கி வெகுதொலைவு வரை ஏற்கத்தக்க தெளிவோடு விழும். பொத்தானை அழுத்தியவுடன் படம், லென்ஸ் தேடிக்கொண்டிருக்காது. வேலியிலிருந்து ஒரு பறவை எழும்பும் கணத்துக்கும், தெருமுனையில் ஒருவர் திரும்பும் கணத்துக்கும் இந்த ஏற்பாடு போதும். தொலைவுக் காட்சி மட்டுமே இருக்கும்போது இதை மாற்றி ஃபோகஸைத் தொலைவுக்கே கொண்டுபோய்விட வேண்டும். இல்லாவிட்டால் பெரிதாக அச்சிடும்போது மரவரிசை சற்று மழுங்கித் தெரியும். துளையை எஃப்/16 வரை சுருக்கி எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடலாம் என்று நினைப்பதும் பலிக்காது. ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப்/11-ஐத் தாண்டினால், ஒளி சிறு துளையில் விலகிப் பரவுவதால் முழுப் படமும் மழுங்கத் தொடங்கும்.

இயற்கைப் பக்கத்துக்கு இந்தக் கேமராக்கள் போதாது என்பது ஒரு பொதுக் கருத்து. பாதி உண்மை. பறவைகளுக்கு நிச்சயமாகப் போதாது. அதற்கு 400 மி.மீ. அளவிலான லென்ஸ் வேண்டும், அது வேறு துறை. நீருக்கும் இலைக்கும் போதும். எக்ஸ்100-6-ல் நான்கு படி ஒளியைக் குறைக்கும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. மரநிழலில் ஓடும் ஓடையில் 1/8 வினாடி வருகிற இடத்தில் அதைப் போட்டால் 2 வினாடி கிடைக்கும், நீர் பட்டுத்துணிபோல விழும். அதற்கு ஒரு சிறு முக்காலி வேண்டும், அரைக் கிலோ கேமராவைத் தாங்கக் கனமான முக்காலி தேவையில்லை. இரண்டு குடும்பங்களிலும் வளையம் ஒன்றைப் பொருத்தி 49 மி.மீ. ஃபில்டர்களை மாட்டலாம். நான் வாங்கச் சொல்லும் ஒரே ஃபில்டர் போலரைசர். மழைக்குப் பிறகு இலைகளின் மேல் படியும் வெண்பளபளப்பை நீக்கி, உள்ளிருக்கும் பச்சையைக் காட்டுவது அது. அந்த வேலையை மென்பொருளில் பின்னால் செய்ய முடியாது. ஒன்றரை முதல் இரண்டு படி ஒளியை அது எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மழை, தூசி பற்றியும் ஒரு வார்த்தை. ஜிஆருக்குக் காப்பு இல்லை. எக்ஸ்100-6-ல் முன்வளையமும் ஒரு காப்புக் கண்ணாடியும் பொருத்தினால்தான் காப்பு முழுமையாகும். ஈரமான புதருக்குள் அடிக்கடி நுழைபவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஜூம்

24–105 மி.மீ. எஃப்/4 ஜூம் ஒன்றை முழுச்சட்டக மிரர்லெஸ் கேமராவில் பொருத்தினால், இந்தக் கட்டுரையில் சொன்ன ஏறக்குறைய எல்லாப் படங்களையும் எடுக்கலாம். தரத்தில் அதற்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. குன்று வருகிறது, ஓடை வருகிறது, வீட்டு முகப்பு வருகிறது, பெரும்பாலானவை மழைத் தூறலையும் தாங்கும். எடை 1.3 கிலோ அளவு. அந்த எடையைத் தூக்க முடியுமா என்பது கேள்வி இல்லை. ஒரு மணி நேர நடைக்கு யார் வேண்டுமானாலும் தூக்கலாம். கடைக்குப் போகும்போதும், குழந்தையை அழைத்துவரப் போகும்போதும் அதைத் தோளில் போடுவோமா என்பதே கேள்வி. புறநகரின் நல்ல காட்சிகள் அறிவித்துவிட்டு வருவதில்லை. அவை செவ்வாய்க்கிழமை மாலை, வேறு வேலையாகப் போகும்போது வருகின்றன. ஓராண்டுக்கும் மேல் நான் ஜூம் கேமராவை மட்டுமே வைத்திருந்தேன். அந்தக் காலத்துப் படங்களைத் தேதிவாரியாகப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை விடுமுறை நாள்களின் காலை ஒளியில் எடுத்தவை. வாரநாளின் மாலை அவற்றில் இல்லவே இல்லை.

வேறொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. வீடுகள் மனிதர்கள் வாழும் இடங்கள். நீண்ட லென்ஸை ஒரு வீட்டுப் பக்கம் நீட்டி நிற்பவரைப் பார்த்தால், அவர் வானத்தைத்தான் எடுக்கிறார் என்றாலும், உள்ளே இருப்பவருக்கு உறுத்தும். அந்த உறுத்தல் நியாயமானது. 40 மி.மீ. லென்ஸோடு வருபவர் அருகில் வந்தாகவேண்டும், வந்தால் பார்வை சந்திக்கும், ஒரு தலையசைப்பாவது நிகழும், கேட்டால் படத்தைக் காட்டலாம். பொது இடத்திலிருந்து எதை எடுக்கலாம் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதைத் தெரிந்துகொள்வது எடுப்பவரின் கடமை. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், திறந்த சன்னலுக்குள் தெரிபவரையும் தனியாக விளையாடும் குழந்தையையும் கேட்காமல் எடுப்பதில்லை என்பது என் வழக்கம்.

ஃபிலிமைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வண்ண நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சப் பகுதிகளைக் கனிவாகக் காப்பாற்றும்; வெள்ளை மதிலும் மேகமும் டிஜிட்டலில்போலத் திடீரென்று வெளுத்துப்போகாது. ஒரு சுருளுக்கு 36 படங்கள் என்ற கட்டுப்பாடு சிலருக்கு நன்மை செய்யும். ஆனால் இந்த நடையின் அடிப்படை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவது. நேற்று எடுத்ததில் கம்பம் மரத்தோடு ஒட்டிப்போனதைப் பார்த்துவிட்டு, இன்று இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நிற்பது. சுருள் முடிந்து, கழுவி வரும்வரை காத்திருப்பவருக்கு அந்தத் திருத்தம் தாமதமாகும். ஏற்கெனவே ஃபிலிமில் பழகியவருக்கு இது தடையில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

வாங்கும் முன்

கையில் ஏற்கெனவே ஜூம் கேமரா இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் அதன் வளையத்தை 40-ல் நிறுத்தி, நகராதபடி ஒரு ஒட்டுத்தாளைச் சுற்றிவிடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவாக இருந்தால் 27-ல் நிறுத்தவேண்டும். அப்படியே ஒரு மாதம், வீட்டைச் சுற்றி மட்டும் எடுங்கள். ஒட்டுத்தாளைப் பிய்க்க வேண்டும் என்று தோன்றிய ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், நெருங்கத் தோன்றியதா, அகலத் தோன்றியதா. கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் ஏறத்தாழ அதே கோணம் வந்துவிடும்.

மாத முடிவில் அந்தத் தாளைப் பாருங்கள். குறிப்புகள் பெரும்பாலும் அகலத்தைக் கேட்டிருந்தால் 28-க்குப் போகலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் 35-ஓ 40-ஓ போதும், தைரியமாகச் சிறு கேமராவை வாங்கலாம். குறிப்புகளில் பாதிக்கு மேல் குளத்தின் மறுகரையிலிருந்தோ திடலின் கடைசி மூலையிலிருந்தோ எழுதப்பட்டவையாக, அத்தனையும் தொலைவில் நிற்கும் அதே குன்றைப் பற்றியவையாக இருந்தால், ஒட்டுத்தாளைப் பிய்த்துவிட்டு ஜூமையே வைத்துக்கொள்ளுங்கள்.